பள்ளிக்கரணையில் முதலில் இடம் பிடித்தது யார்?

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு போட்ட உத்தரவு ஒன்று தென்சென்னையைக் கலக்கிவிட்டது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ராம்சர் (சர்வதேசச் சதுப்பு நில உடன்படிக்கை) எல்லைக்குள்ளும், அந்த எல்லையைச் சுற்றி 1 கி.மீ. தொலைவுக்கும் புதிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது. சதுப்பு நிலத்தின் எல்லையையும் அதன் தாக்க மண்டலத்தையும் அளந்து முடிக்கும்வரை இதுவே நிலை என்றது தீர்ப்பாயம். கட்டுமான நிறுவனங்கள் பதறின. வங்கிக் கடனில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டவர்கள் அவர்களைவிட அதிகமாகப் பதறினார்கள். பட்டா இருக்கிறது, பத்திரம் பதிவாகியிருக்கிறது, பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பி ஆள் குடியேறியாகிவிட்டது. இப்போது வந்து சதுப்பு நிலம் என்றால் எங்கே போவது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால், அந்த நியாயம் எங்கிருந்து முளைத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் வந்து சேரும் பள்ளம்தான் பள்ளிக்கரணை. ஏறக்குறைய 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே கோவளத்தில் கடலைத் தொடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த இந்த நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சொற்பம். 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேர். அதற்குள்ளும் கட்டிடங்கள் வந்துவிட்டன என்பதுதான் இப்போதைய வழக்குகளின் சாரம்.

பழைய வருவாய் ஆவணங்களைப் பொறுத்தவரை இது கழுவெளி. வரி தராத, பயிர் விளையாத புறம்போக்கு. எனவே நகரம் தனக்கு வேண்டாததை எல்லாம் முதலில் இங்கேதான் தள்ளியது. பெருங்குடியில் சுமார் 225 ஏக்கரில் மாநகராட்சிக் குப்பை மலையாகக் குவிந்தது. பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பிறகு மத்திய அரசின் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும் வந்தன. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தை இரண்டாகக் கிழித்தது. 2007ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்த அதே ஆண்டில், பெருங்குடி வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. காப்பாற்றும் உத்தரவும் கான்கிரீட் தூணும் ஒரே நேரத்தில் வந்தன.

சாலையும் ரயிலும் போட்ட அரசு, அந்த இடம் வாழத் தகுந்தது என்று ஊருக்கே அறிவித்துவிட்டது. 2000இல் திறக்கப்பட்ட டைடல் பார்க்கைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் வரிசை கட்டின, நிலத்தின் விலை ஏறியது, மனைப்பிரிவுகள் பின்தொடர்ந்தன. கடைசியாக வந்தவர்தான் மனை வாங்கிய நடுத்தரக் குடும்பத்தவர்.

தண்ணீருக்கு இந்த வரிசை தெரியாது. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அவ்வளவு மழையை எந்த நகரமும் சிரமமின்றித் தாங்காது என்பது உண்மை. ஆனால், மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றதற்கு மழை காரணமல்ல. வடிகாலாக இருந்த பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கியதே காரணம். புதிதாக வீடு கட்டுபவர் தன் மனையை மூன்றடி உயர்த்துகிறார்; பழைய வீட்டுக்காரரின் கூடத்துக்குள் தண்ணீர் நுழைகிறது. 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் ஆழமான கட்டுமானக் குழிக்குள் சிக்கிய இருவரின் உடல்களை மீட்கவே பல நாள் ஆனது.

டிசம்பரில் படகு, மே மாதத்தில் லாரித் தண்ணீர். 2019 கோடையில் ஐ.டி. நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பகுதி இதுதான்.

ஏழைகளின் கதை வேறு வகை. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் வெள்ள ஆபத்தையும் ஆக்கிரமிப்பையும் காரணம் காட்டி அப்புறப்படுத்தப்பட்டு, 2000 முதல் கண்ணகி நகரிலும் பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் சுமார் 20 ஆயிரம் வீடுகள். நகரின் நடுவே வீட்டுவேலையும் சுமைவேலையும் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பஸ் செலவே கூலியைத் தின்றது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. ஆற்றங்கரையிலிருந்து தூக்கி வந்து, ஆறுகளைப் போலவே வெள்ளம் சேரும் இடத்தில் இறக்கிவிட்டதுதான் அந்த மறுவாழ்வு.

1 கி.மீ. தடைக்கு வருவோம். அது சரியான முன்னெச்சரிக்கை, ஆனால் மொட்டையானது. நீர் வட்டம் போட்டு ஓடுவதில்லை, சரிவு பார்த்து ஓடுகிறது. 900 மீட்டர் தள்ளி மேட்டில் கட்டும் ஒற்றை வீட்டைவிட, 4 கி.மீ. தள்ளி உபரிநீர்க் கால்வாயை அடைத்து நிற்கும் ஒரு குடியிருப்பு வளாகம் சதுப்பு நிலத்துக்கு அதிகக் கேடு செய்யும். எனவே, தாக்க மண்டலத்தை வரைபவர்கள் எல்லைக்கோட்டிலிருந்து டேப் பிடிக்காமல், ஏரிகளிலிருந்து ஒக்கியம் மடுவு வரை நீர் வரும் பாதையை அளக்க வேண்டும்.

திருத்தத்தையும் முதலில் வந்தவரிடமிருந்து தொடங்குவதே முறை. பெருங்குடிக் குப்பையை பயோமைனிங் முறையில் அகற்றும் வேலை நடக்கிறது. மீட்ட நிலத்தில் மறுபடி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தாமல் அதைச் சதுப்பு நிலத்துக்கே திருப்பித் தர வேண்டும். ரேடியல் சாலையின் அடியில் நீர் தாராளமாகக் கடக்கும் அளவுக்குப் பாலங்கள் வேண்டும். ஒக்கியம் மடுவின் அகலம் ஓரிடத்திலும் குறுகக் கூடாது. அடுத்து, எல்லைக்குள் அனுமதி பெற்ற பெரிய அடுக்குமாடித் திட்டங்களும் அவற்றுக்கு அனுமதி தந்த கோப்புகளும் விசாரணைக்கு வர வேண்டும். தனி வீட்டுக்காரரின் முறை அதற்குப் பின்புதான்.

இவற்றுக்கெல்லாம் ஆண்டுகள் ஆகலாம். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராம்சர் எல்லைக்குள் வரும் சர்வே எண்கள் அத்தனையையும் வெளியிட்டு, சார்பதிவாளர் அலுவலகம் தரும் வில்லங்கச் சான்றிதழிலேயே அது தெரியும்படி செய்யலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்குபவருக்கு விவரம் தெரிந்துவிடும். கடன் கொடுக்கும் வங்கியும் அனுமதி வழங்கும் அதிகாரியும் எங்களுக்குத் தெரியாது என்று பிறகு கையை விரிக்க முடியாது.