'தொல்லை' என்றால் என்ன?

"பேருந்தில் ஒருத்தன் ஒரே தொல்லை" என்றாள் என் தோழி. ஈப்போவிலிருந்து வீடு திரும்பிய அன்று மாலை அவள் சொன்னது அவ்வளவுதான். "கூட்டமா இருந்திருக்கும்" என்று நானும் பேச்சை மாற்றிவிட்டேன். அவன் அவளைத் தொட்டதும், அவள் இறங்கிய இடத்திலேயே இறங்கிப் பின்தொடர்ந்ததும் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

தவறு என்னுடையது. ஆனால் அந்தச் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு. கொசுத் தொல்லை, குரங்குத் தொல்லை, கடன் தொல்லை என்கிறோம். அதே வரிசையில்தான் பாலியல் தொல்லையும் நிற்கிறது. மலாய் மொழியிலும் இதே கதைதான். மின்சாரம் தடைப்பட்டாலும் 'கங்குவான்', இதற்கும் 'கங்குவான்'.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பவும் இருந்துச்சுய்யா. தண்டல் தொல்லைன்னு சொல்வோம். எல்லாருக்கும் புரியும், யாரும் மேல கேக்க மாட்டாங்க. மறுநாள் பிரட்டுல அவன் முன்னாடிதானே நிக்கணும்?"

வேலையும் தோட்டத்துடையது, குடியிருந்த வீடும் தோட்டத்துடையது. அதைவிடக் கனமான சொல்லைச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

இன்று நிலைமை வேறு. 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியது. தொடுவது மட்டுமல்ல, விருப்பத்திற்கு மாறான பாலியல் பேச்சு, சைகை, படம் ஆகியவையும் அதில் அடங்கும். அதற்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமலேயே புகார் செய்யலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. போலீஸ் புகாரும் தனியாகச் செய்யலாம்.

'தொல்லை' வேண்டாம், 'துன்புறுத்தல்' என்றே எழுதுவோம் என்று சிலர் சொல்கிறார்கள். எழுதலாம். ஆனால் பயந்துபோன ஒரு பெண்ணுக்கு முதலில் வாயில் வருவது அந்தச் சின்னச் சொல்தான். அவள் சொல்லைத் திருத்துவதைவிட, கேட்கும் நாம் அங்கேயே நின்றுவிடாமல் இருப்பது முக்கியம்.

நண்பர்களே, யாராவது உங்களிடம் "தொல்லை" என்று சொன்னால், "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். "யார்? எங்கே? என்ன செய்தான்?" என்று மெதுவாகக் கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறிய கேள்விகள் இவை.