ருஷிய எழுத்தும் சர்க்கார் காவலும்

ருஷிய இலக்கியத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் நம் தோழருள் சிலர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. சோவியத் சர்க்கார் ஏழைக்குக் கல்வி தந்தது. மலிவு விலையில் நூல் தந்தது. ஆகவே அது எழுத்துக்கு உற்ற நண்பன் என்பதே அது. இக்கூற்றின் முற்பாதி மெய், பிற்பாதி பொய்.

முற்பாதியை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1897-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ருஷியாவில் 9 முதல் 49 வயது வரை உள்ளாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேரே எழுத்தறிந்தவர். 8 முதல் 50 வயது வரை யாவரும் எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும் என 1919-இல் சட்டம் பிறந்தது. 1939-இல் அந்த 28 பேர் ஏறத்தாழ 87 ஆயினர். டால்ஸ்டாயையும் கார்க்கியையும் தமிழில் அச்சிட்டு, எளியவன் கைக்கு எட்டும் விலையில் அனுப்பியதும் மாஸ்கோவே. இவற்றிற்கு நன்றி கூறுவோம்.

ஆயினும், வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்ட பேரேட்டை எந்தத் தோட்டத்துக் கிராணியும் கணக்கென ஒப்பான். கவிஞர் மாண்டல்ஸ்டாம் 1938-இல் கைதிகள் முகாமில் மாண்டார். கதாசிரியர் பாபெல் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1934 முதல் எழுத்தாளர் அனைவர்க்கும் ஒரே சங்கம். நூல் அச்சேறுவதும் வீடு கிடைப்பதும் பெரும்பாலும் அதன் தயவால். அக்மதோவாவையும் ஸோஷென்கோவையும் 1946-இல் அச்சங்கத்தினின்று தள்ளினர் என்றால், அவர்தம் பிழைப்பில் மண் போட்டனர் என்பதே பொருள். 1958-இல் நோபல் பரிசு பெற்ற பாஸ்டர்நாக் அதனை மறுக்கும்படி நெருக்கப்பட்டார். அவரது 'டாக்டர் ஷிவாகோ' தாய்நாட்டில் அச்சேறியது 1988-இல்.

இவை பழங்கதை, சோவியத் 1991-இலேயே மறைந்தது என்பீரோ? ஆட்சி மறைந்தது, அதன் பழக்கம் மறையவில்லை. 2022-இல் உக்ரேன்மீது படையெடுத்த பின் நடந்தவற்றைக் காண்க. போரைக் கண்டித்த நாவலாசிரியர் குளுஹோவ்ஸ்கிக்கு 2023-இல், அவர் நாட்டில் இல்லாதபோதே, எட்டாண்டுச் சிறை விதித்தனர். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற அகூனினை அதே ஆண்டில் பயங்கரவாதிகள் பட்டியலிற் சேர்த்தனர். பெரும் பதிப்பகம் அவர் நூல்களைக் கைவிட்டது. 2022-இல் ருஷியாவின் தங்க முகமூடி விருது பெற்ற நாடகம் ஒன்று, 2024-இல் பயங்கரவாதத்தை நியாயப்படுத்தும் குற்றமாயிற்று. எழுதிய பெத்ரீசுக்கும் இயக்கிய பெர்கோவிச்சும் ஆளுக்கு ஆறாண்டு பெற்றனர். மேன்முறையீட்டில் சில மாதங்களே குறைந்தன. விருது பெற்ற நாடகம் ஈராண்டில் குற்றமாவது எவ்வாறு? எழுத்தின் தரத்தை வாசகனிடம் விடாது சர்க்காரே நிர்ணயிக்கும் நாட்டில், இன்றைய மாலை நாளைய விலங்காதல் இயல்பே.

நண்பர்காள்! தோட்டத்திலே பாடசாலை கட்டித் தந்த துரை, அதற்கு ஈடாகத் தொழிலாளியின் நாவையும் கட்டலாம் என்றால் நாம் ஒப்பியிருப்போமோ? துரைக்கு இல்லாத உரிமை மாஸ்கோவுக்கு மட்டும் எங்ஙனம் வந்தது? ருஷிய நூல்களைக் கற்போம், கற்பித்தவரைப் போற்றுவோம். ஆனால், பெற்ற நூலுக்கு விலையாக நம் மௌனத்தைத் தரோம். அன்று சிறைப்பட்டவர்க்கும் இன்று சிறைப்பட்டவர்க்கும் குரல் கொடுப்பதே, அந்நூல்களைக் கற்றதற்கு அடையாளமாகும்.