சிறுவர் சந்தைக்குப் பிறகு

2011 ஆம் ஆண்டில் நான் கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனில் ஆசிரியையாகக் கடமையாற்றினேன். யுத்தத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பல பிள்ளைகள் தறப்பாள் கொட்டில்களிலிருந்துதான் பாடசாலைக்கு வந்தார்கள். அந்த வருடம் ஆரம்பப் பிரிவில் சிறுவர் சந்தை நடத்தினோம்.

சிறுவர் சந்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து, வாங்குகளில் பரப்பி, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் விற்பார்கள். அன்று தரம் மூன்றில் படித்த ஒரு சிறுமி பன்னிரண்டு கட்டுப் பயிற்றங்காய் கொண்டுவந்திருந்தாள். கட்டு முப்பது ரூபா. எட்டுக் கட்டு விற்றபின் வெயில் ஏறிவிட்டது. வாங்க வந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். என்னிடம் ஓடிவந்து கேட்டாள்:

“ரீச்சர், இனி இருபதுக்குக் குடுக்கட்டோ? பின்னேரம் வாடிப்போகும்.”

“உன்ர சாமான், நீதான் சொல்ல வேணும்” என்றேன்.

சிறிது நேரம் யோசித்தாள். பிறகு இருபது, இருபது என்று கூவி நாலு கட்டையும் விற்றுவிட்டாள். தாயிடம் 320 ரூபாவைக் கொடுத்து, “நாப்பது ரூபா குறைஞ்சிட்டுதம்மா, ஆனா ஒண்டும் மிஞ்சேல்லை” என்று கணக்கும் சொன்னாள். வயது எட்டு.

2023 இல் அதே பிள்ளை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சை சரிவரவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர், ஊர், பெறுபேறு ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டு மௌனமாக இருந்துவிட்டாளாம்.

“மறுமொழி இல்லாமல் இல்லை ரீச்சர். இதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை.”

“சின்ன வயசில பயிற்றங்காய் வித்தாயே, அதைச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

சிரித்தாள். “அது விளையாட்டெல்லோ ரீச்சர்.”

அந்தச் சொல்லைக் கேட்டபின் பல நாட்கள் எனக்கு மனம் ஆறவில்லை. விலை தீர்மானித்தது, நட்டத்தைக் கணக்கிட்டது, முன்பின் தெரியாதவர்களிடம் பேசியது, தானே முடிவெடுத்து அதன் விளைவை ஏற்றுக்கொண்டது எல்லாம் அவளுக்கு விளையாட்டு. புள்ளிக்காக மனனம் செய்து எழுதியதுதான் படிப்பு. அப்படி நினைக்க அவளுக்குப் பழக்கியவர்கள் யார்? நாங்கள்தான். எட்டு வயதில் அவளிடம் இருந்த திறமை இருபது வயதில் ஏன் வெளியே வரவில்லை என்ற கேள்விக்கு, இடையில் அவளுக்குக் கற்பித்த நாங்களே பதில் சொல்ல வேண்டும்.

என் பங்கையும் மறைக்கக்கூடாது. தரம் ஆறு முதல் ஒன்பது வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்றொரு பாடம் உண்டு. பரீட்சை நெருங்கும்போது அந்தப் பாடவேளையைக் கேட்டு வாங்கி, என் பாடத்தின் கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தவள் நான். பாடசாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன பிள்ளைகளை வகுப்புக்குத் திருப்பி அழைத்தவளும் நான்தான். அப்போது அதைப் பிள்ளைகளின் நன்மைக்காகவே செய்வதாக நினைத்தேன்.

இன்று மாணவர்களின் தொழில் திறன் பற்றிப் பேச்சு வந்தாலே ஆங்கிலம், கணினி என்ற இரண்டையும் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டும் தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னே வேறு சில இருக்கின்றன. அறிமுகமில்லாத ஒருவரிடம் தெளிவாகப் பேசுவது, ஒரு படிவத்தை வாசித்து விளங்கி நிரப்புவது, வரவு செலவை எழுதி வைப்பது, சொன்ன நேரத்துக்கு வேலையை முடிப்பது, நாலு பேருடன் முரண்பட்டும் சேர்ந்து இயங்குவது, பிழை விட்டால் அதை மறைக்காமல் சொல்வது. இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்க முடியாது. உண்மையான வேலை ஒன்றைச் செய்யும்போதுதான் பிள்ளைகளுக்கு இவை வரும்.

இது புதிய யோசனையும் அல்ல. இலங்கையில் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று ஒரு பகுதியே சேர்க்கப்பட்டது. அந்தந்த ஊரின் தொழில்களை ஒட்டிப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது நோக்கம். 1977 இல் ஆட்சி மாறியபின் அது நிலைக்கவில்லை. பெற்றோரின் மனதிலும் அதற்கு இடம் இருக்கவில்லை. கமக்காரன் பிள்ளை கமக்காரனாகவும், மீன்பிடிகாரன் பிள்ளை மீன்பிடிகாரனாகவுமே இருக்கட்டும் என்பதா, நகரத்துப் பிள்ளைகள் மட்டும் வைத்தியரும் பொறியியலாளரும் ஆவதா என்று கேட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்கல்வி ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தால் அது பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் வேலையாகவே முடியும்.

அந்தச் சந்தேகத்தின் நிழல் இன்னும் போகவில்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாதாரண தரத்தில் சித்தியடையாத மாணவரும் அதன் தொழிற்பாடப் பிரிவில் சேர்ந்து படிக்கலாம். ஆனால் ஊரில் அதற்கு என்ன பெயர் கிடைத்தது? “படிப்பு ஏறாத பிள்ளையளுக்கான வகுப்பு.” அப்படி ஒரு பெயர் ஒட்டியபின் எந்தத் தாய் மனம் விரும்பித் தன் பிள்ளையை அங்கே அனுப்புவாள்? ஆகவேதான் சொல்கிறேன்: தொழில் திறன் ஒரு பிரிவு மாணவருக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது. வைத்திய பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கும் நோயாளியோடு பேசத் தெரிய வேண்டும். சட்டத்தரணியாகும் பிள்ளைக்கும் கணக்கு வைக்கத் தெரிய வேண்டும்.

மீண்டும் அக்கராயனுக்கு வருகிறேன். ஏ-9 வீதியில் முறிகண்டிக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையே அறிவியல் நகர் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் அங்கே இயங்குகின்றன. ஜேர்மன் அரசின் உதவியுடன் அமைந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் 2016 முதல் அங்கே இருக்கிறது. வாகனத் தொழினுட்பம், மின்னியல், கட்டட நிர்மாணம், உணவுத் தொழினுட்பம் போன்ற துறைகளில் பயின்று தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். இந்தத் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அதாவது தொழிற்பயிற்சியில் சேர்ந்த பிள்ளைக்கும் மேலே ஏறிப் போகப் படிகள் இருக்கின்றன.

எனக்குப் பேசிய அந்த மாணவி பல தடவை பஸ்ஸில் அந்த இடத்தைக் கடந்து போனவள். உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னபோது, “பொம்பிளைப் பிள்ளையளையும் எடுப்பினமோ ரீச்சர்?” என்று கேட்டாள். பக்கத்தில் இருப்பதைப் போய்ப் பார்த்து, நாலு கேள்வி கேட்டுவரக்கூட நாங்கள் அவளைப் பழக்கவில்லை.

இந்த இடத்தில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். பாடசாலை என்பது கம்பனிகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுக்கும் இடமா? சிந்திக்கவும் இலக்கியம் சுவைக்கவும் நல்ல மனிதராக வாழவும் அல்லவா பிள்ளைகளை அனுப்புகிறோம்? நல்ல கேள்வி. சொன்னதைச் செய்யும் கைகளை மட்டும் உருவாக்குவது கல்வியாகாது. அதனாலேயே, வேலை செய்யும் திறனோடு வேலை செய்பவரின் உரிமையை அறியும் திறனையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு பெண்பிள்ளை மாதம் 40,000 ரூபா சம்பளத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்காக அவளுடைய சம்பளத்தில் 8 வீதம், 3,200 ரூபா, கழிக்கப்படும். தொழில்தருநர் தன் பங்காக 12 வீதம், 4,800 ரூபா, செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம், 1,200 ரூபா, அவரே கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. வீதக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்த எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? தெரியாவிட்டால் தனக்குச் சேர வேண்டிய பணம் சேர்கிறதா என்று எப்படிக் கேட்பாள்?

இன்னொன்று. யுத்தத்தின் பின் வன்னியில் நுண்கடன் கொடுக்கும் கம்பனிகள் வீட்டு வாசலுக்கே வந்தன. கணவரை இழந்த பெண்கள் பலர் கையெழுத்திட்டுக் கடன் வாங்கி, அதை அடைக்க வேறு கடன் வாங்கி அவதிப்பட்டார்கள். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் வழங்க வேண்டிய நிலை வந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன், வருட வட்டி 24 வீதம், பன்னிரண்டு மாதத்தில் 62,000 ரூபாவைச் சம தவணைகளில் கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டே போகிறது. வருடம் முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கையில் இருந்த கடன் ஏறத்தாழ 27,000 ரூபாதான். அதற்கு 12,000 ரூபா வட்டி என்றால் உண்மையான வீதம் 40 ஐத் தாண்டுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காணும் முறை சாதாரண தரக் கணிதத்தில் இருக்கிறது. ஆனால் தாய் கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் பார்த்து, அம்மா, இது சொன்ன வட்டி இல்லை என்று சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு இருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

அக்கராயனில் பெரியவர்கள் இப்படி வாழவில்லை. குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர் அது. சிறுபோகத்துக்கு முன்னர் கூட்டம் கூடுவார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது என்று கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் பேசி முடிவெடுப்பார்கள். வாதம் நடக்கும், குரல் உயரும், கடைசியில் ஓர் உடன்பாடு வரும். கணிதம், புவியியல், பேச்சுத்திறன், குடியுரிமைக் கல்வி எல்லாம் அங்கே ஒன்றாக இருந்தன. என் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாளாவது அங்கே கூட்டிச் சென்று ஓரமாக இருத்தியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

எங்கள் கல்லூரியில் என்ன செய்யலாம்? புதிய பாடமோ கட்டடமோ பெருந்தொகைப் பணமோ கேட்கவில்லை. நாங்கள் ஏற்கெனவே செய்யும் வேலைகளை மாணவிகளின் கையில் கொடுத்தால் போதும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வேண்டிய பொருட்களுக்கு மூன்று கடைகளில் விலை கேட்டு ஒப்பிடுவது அவர்களாக இருக்கட்டும். தமிழ் மன்ற விழாவின் அழைப்பிதழை அவர்களே எழுதி, பிரதம விருந்தினரோடு அவர்களே பேசட்டும். வரவு செலவுக் கணக்கை ஒரு மாணவி கூட்டத்தில் வாசிக்கட்டும். கேள்வி கேட்பதற்கு மற்றவர்களுக்கு நேரம் கொடுப்போம். எல்லாவற்றுக்கும் அதே நாலு மாணவத் தலைவிகளை அழைக்காமல் பின்வாங்கில் இருப்பவளையும் அழைப்போம். பிழைகள் வரும், ஒரு விழா கொஞ்சம் பிசகும். பாடசாலையில் பிசகினால் திருத்தப் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பதிலாக எல்லா இடத்திலும் நீங்களே பேசாதீர்கள். வைத்தியசாலையில், வங்கியில், பிரதேச செயலகத்தில் உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் நின்றுகொண்டு, பிள்ளையைப் பேசவும் படிவத்தை நிரப்பவும் விடுங்கள். மின்சாரப் பட்டியலை வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அவள் தொழிலுக்குப் போவாளா, வீட்டிலிருந்து ஒரு தொழில் செய்வாளா, குடும்பத்தை மட்டும் நடத்துவாளா என்பதைப் பிறகு அவளும் நீங்களும் தீர்மானிக்கலாம். இவற்றில் எதைத் தெரிந்தெடுத்தாலும் இந்தத் திறன்கள் அவளுக்கு வேண்டும்.

அந்த அக்கராயன் மாணவி பின்னர் ஒரு பயிற்சிநெறிக்கு விண்ணப்பித்தாள். அந்த நேர்முகத்தில் பயிற்றங்காய்க் கதையைச் சொன்னாளாம். கேட்டவர்கள் சிரித்தார்களாம், பிறகு ஏன் விலையைக் குறைத்தாய் என்று விசாரித்தார்களாம். இடம் கிடைத்துவிட்டது. அது பெறுபேற்றால் கிடைத்ததா, பயிற்றங்காயால் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை அவள் மௌனமாக இருக்கவில்லை.

இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரே, இதை அச்சிட எவ்வளவு செலவானது, அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று இதழ்க்குழு மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் குறை எங்களுடையது. அடுத்த இதழுக்குள் அதைத் திருத்திக்கொள்வோம்.