சாவி யாரிடம் இருக்கிறது?

"நம் பிள்ளைகள் புதிய தொழில்நுட்பத்துக்குத் தயாரா?" என்று கேட்கும் கூட்டங்கள் இப்போது அடிக்கடி நடக்கின்றன. திறன்மிகு வகுப்பறை, கையடக்கக் கணினி, செயற்கை நுண்ணறிவு என்று நாள் முழுக்கப் பேசிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். சேரிப் பிள்ளைகளுக்கு அடிப்படை போதாது, வீட்டில் படிக்கிற சூழல் இல்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: பிள்ளைகளின் தயார்நிலையை அளக்கிறவர்கள் பள்ளியின் தயார்நிலையை, விடுதியின் தயார்நிலையை, துறையின் தயார்நிலையை என்றைக்காவது அளந்ததுண்டா?

கருவிகள் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2011இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, 'இலவசம்' என்று ஏளனம் செய்தவர்களை மறக்கவில்லை. எங்கள் தெருக்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். 2024 ஜூனில் 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியும், தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் என்று அரசு அறிவித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்றது. வரவேற்கிறோம். வாங்கியது எத்தனை, கொடுத்தது எத்தனை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வாங்கிய பிறகு என்ன ஆனது என்பதற்குத்தான் கணக்கு வேண்டும்.

எங்கள் சுற்றுவட்டாரப் பள்ளி ஒன்றில் கணினி அறை இருக்கிறது. அறைக்குப் பூட்டு இருக்கிறது. சாவி ஒருவரிடம் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் அறையும் விடுப்பில் போய்விடும். "பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்பது அங்கே சொல்லப்படும் காரணம். அந்தப் பயத்தை நாங்கள் கிண்டல் செய்ய மாட்டோம். பழுது பார்க்கப் பணம் ஒதுக்காமல், பொருளுக்கு மட்டும் பொறுப்பேற்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் எந்த ஆசிரியரும் பூட்டத்தான் செய்வார். ஆனால் 'தொட்டால் கெட்டுப்போகும்' என்ற சொற்கள் எங்கள் காதில் வேறு மாதிரி விழும் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நிறுவனம் தயாராக இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா? இணையக் கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுகிறார்? இயந்திரம் நின்றுபோனால் எத்தனை நாளில் ஆள் வருவார்? அதைக் கொண்டு பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது மூன்று வகுப்புகளை ஒரே ஆசிரியர் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறாரா? இவை எல்லாம் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய செலவுகள். கருவி வாங்குவது ஒரு நாள் விழா. விழாவுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, மறுநாளுக்குத்தான் கிடைப்பதில்லை.

தொழில்நுட்பம் வந்தால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊர்த் தறியைப் பார்க்கட்டும். காஞ்சிப் பட்டில் முன்பு 'அடை' என்ற முறையில் பூவேலைக்கான இழைகளைக் கையால் தூக்கினார்கள். அந்த வேலையை ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டைகளும் எடுத்துக்கொண்டன. பெரிய மாற்றம்தான். ஆனால் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்க, நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்த இன்னொரு ஆள் பல தறிகளில் ஒரு குழந்தை. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்டவர்களில் தலித் பிள்ளைகள் ஏராளம்.

சார்லஸ் பாபேஜ் 19ஆம் நூற்றாண்டில் தன் கணக்கிடும் இயந்திரத்தைத் திட்டமிட்டபோது, கட்டளைகளை அதற்குள் செலுத்த ஜக்கார்டின் அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைய கணினியின் முன்னோடி அது. அந்த அட்டைகளின் நிழலில் உட்கார்ந்து நாடா தள்ளிய பிள்ளையின் பிள்ளைக்குத்தான் கணினி புரியாது என்கிறார்கள்! முதலாளிக்கு லாபம் தரும் இடத்தில் புதுமை உடனே வந்தது. குழந்தையின் கூலி மலிவாக இருந்ததால் அவள் இடத்துக்கு மட்டும் புதுமை வர நாளானது. யாருக்காக, யார் முடிவு செய்து ஒரு கருவி வருகிறது என்பதை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும்.

பள்ளிக்கூட வரலாறும் இதையே சொல்கிறது. காஞ்சிபுரம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் எங்கள் மக்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதை ஒட்டிப் பஞ்சமர் கல்விக்கான ஆணைகளும் வந்தன. பள்ளி இருந்தது, சட்டத்தில் தடையும் இல்லை. ஆனால் பள்ளி நடந்த இடம் அக்கிரகாரமாகவோ கோயில் மண்டபமாகவோ இருந்தால் எங்கள் பாட்டன்மார் எப்படி உள்ளே போவார்கள்? பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியை எல்லாரும் வந்து சேரக்கூடிய இடத்தில் வை என்று அரசு ஆணை போட வேண்டியிருந்தது. அந்த ஆணைகளும் காகிதத்தில் நின்ற இடங்களில்தான் 1920களில் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. அன்றைக்குக் கட்டடம் எந்தத் தெருவில் என்பது கேள்வி. இன்றைக்குக் கணினி எந்த அறையில், சாவி யாரிடம் என்பது கேள்வி.

இப்போது அந்தப் பள்ளிகளுக்கே வருவோம். தமிழ்நாட்டில் 1,138 ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 833 தொடக்கப் பள்ளிகள். 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பல்வேறு துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தார்கள். கல்வித் தரத்தை உயர்த்துவதுதான் நோக்கம் என்றார்கள். தலித் இயக்கங்கள் எதிர்த்தன. நாங்குநேரி கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரவும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும் பரிந்துரைத்தது.

இந்த வாதத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எங்கள் தோழர்களிலேயே இணைப்பை ஆதரிப்பவர்கள் உண்டு. 'ஏடி ஸ்கூல் பையன்' என்ற முத்திரையோடு வளர்ந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஊர்ப் பள்ளிக்கு வந்த வசதி சேரிப் பள்ளிக்கு எப்போதும் பின்னால்தான் வரும் என்ற அவர்களுடைய கோபமும் நியாயமானது. பெயர்ப்பலகையை மாற்றுங்கள், மகிழ்ச்சி. ஆனால் இணைப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக நடந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. பெரிய திட்டத்துக்குள் சின்னத் திட்டம் கரைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கென்று இருந்த தனிக் கணக்கும் அதோடு போனது. கணக்கில் இல்லாத பிள்ளையைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். முதலில் பள்ளியைத் தயார் செய்யுங்கள், பிறகு இணைப்பைப் பேசுவோம். காலிப் பணியிடங்களை நிரப்பி, கட்டடத்தைச் சரிசெய்து, மற்ற அரசுப் பள்ளிக்கு என்ன கருவி போகிறதோ அது அதே மாதத்தில் இங்கேயும் வந்து சேரட்டும். அதற்குப் பிறகும் அந்தப் பள்ளியின் நிலம், ஆசிரியர் பணியிடங்கள், நிதி ஆகியவை எங்கள் மக்களுக்கே உரியவை என்று எழுத்தில் உறுதி வேண்டும். 'பள்ளி சரியில்லை, அதனால் இணைக்கிறோம்' என்று சொல்லும் அரசுதான் இத்தனை காலம் அந்தப் பள்ளியை நடத்தியது என்பதை மறந்துவிடக் கூடாது.

விடுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் வைத்தார்கள். 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள். நல்ல பெயர். மாலையில் பள்ளி மூடிய பிறகு மறுநாள் காலை வரை இந்தப் பிள்ளைகளின் வீடு அதுதான். பள்ளியில் எவ்வளவு பெரிய ஆய்வகம் இருந்தாலும், விடுதியில் இணையம் இல்லை, மேசை இல்லை, பாடம் சொல்லித்தர ஆள் இல்லை என்றால், காலையில் திரையில் பார்த்ததை மாலையில் எங்கே பழகுவார்கள்? தனியார் பள்ளிப் பிள்ளை வீட்டில் அப்பாவின் மடிக்கணினியில் பழகுகிறது. எங்கள் பிள்ளைக்கு அப்பா இடத்தில் இருப்பது அரசு. அந்த அப்பா தயாரா என்பதே கேள்வி.

முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கைப்பேசியில் வகுப்புகள் நடந்தன. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அவற்றால் என்ன பயன்? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். படித்துவிட்டு வீட்டில் இருந்த எங்கள் சேரிப் பெண்களும் அவர்களில் உண்டு. பிள்ளையின் பெயர் தெரிந்த ஓர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தந்தாள், பிள்ளைகள் திரும்பவும் எழுத்துக்கூட்டினார்கள். கருவிக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்பதை அந்தத் திட்டம் காட்டியது. அந்த ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய்தான் மதிப்பு என்றும் காட்டியது!

தோழர்களே, அரசிடம் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வெறும் கையெழுத்துப் போடப் போகாதீர்கள். நான்கு கேள்விகளோடு போங்கள்:

1. கணினி அறை சென்ற மாதம் எத்தனை நாள் திறந்திருந்தது? எந்தெந்த வகுப்புகள் பயன்படுத்தின?

2. பழுதுக்கும் இணையத்துக்கும் இந்த ஆண்டு வந்த பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு?

3. ஆசிரியர்களில் யாருக்கு, எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது?

4. சாவி யாரிடம் இருக்கிறது? அவர் வராத நாளில் யாரிடம்?

பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் துணைத்திட்ட நிதிக்காக 2024இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறீர்கள். எல்லாருக்குமான திட்டத்தில் ஒரு பங்கை எங்கள் கணக்கில் எழுதிவிட்டுச் செலவாகிவிட்டது என்று சொல்லும் பழைய வழக்கம் இனி வேண்டாம். நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் கணினிப் பயிற்றுநர், பராமரிப்பு, மாலை நேர வகுப்பு ஆகியவற்றுக்கு அந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு செய்யுங்கள். பள்ளிவாரியாக வெளியிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டு, பிறகு அவர்களுடைய தகுதியைப் பற்றிப் பேசுங்கள்.

ஜெய்பீம்.