நெருப்பை உறிஞ்சும் யந்திரம்

நீராவி யந்திரத்தில் ஆவி பிஸ்டனைத் தள்ளுகிறது. நெருப்பை உறிஞ்சும் சிறு மாதிரி யந்திரத்திலோ தள்ளுவது நெருப்பன்று. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றே. இவ்விந்தையைச் சிறிது ஆராய்வோம்.

சிலிண்டரின் மூடிய முனையருகே ஒரு துவாரம். அதன் எதிரே ஸ்பிரிட் விளக்கு. பிஸ்டன் வெளிநோக்கி நகருங்கால் ஜ்வாலையின் சூடான வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. ஓட்டம் முடியுந் தறுவாயில் வால்வு துவாரத்தை அடைக்கிறது. சுவரில் பட்ட வாயு குளிர, அதன் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே தள்ளுகிறது. இறுதியில் வால்வு திறந்து எஞ்சிய வாயுவை வெளிவிடுகிறது. கனத்த சக்கரம் தன் வேகத்தால் அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கிறது. 1712-ல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகாமன் சுரங்க நீரை இறைக்க அமைத்த யந்திரமும் காற்றின் பாரத்தையே நம்பியது. அங்கே குளிர்ந்தது நீராவி.

1 அங்குல விட்டமுள்ள பிஸ்டன்மீது காற்றின் பாரம் சுமார் 11½ ராத்தல். உள்ளே முழு வெற்றிடம் உண்டாவதில்லையாதலால் அதில் ஒரு பகுதியே பயன்படும். ஆகவே உராய்வே இதற்குப் பரம சத்துரு. பிஸ்டன் காற்றை ஒழுகவிடாமலும் தடையின்றியும் வழுக்க வேண்டும். எண்ணெய் தீயில் கருகிப் பிசுபிசுக்கும். கிராபைட் பொடியே உத்தமம். சுவர் மிகக் குளிர்ந்திருந்தாலும் தீங்குதான். ஜ்வாலையிலுள்ள நீராவி உள்ளே துளிர்த்துப் பிஸ்டனைத் தடுக்கும். எனவே முதலில் சற்றுச் சூடேற்றியே ஓட்டுவர்.

"எது தள்ளுகிறது?" என்று குழந்தை வினவினால், "நெருப்பு" என்று கூறி வாயடைத்தல் தகாது. யந்திரத்தை வாங்கி ஓட்டும் தேசம் வேறு. காரணமறிந்து ஆக்கும் தேசம் வேறு. அவ்வேற்றுமை இத்தகைய வினாவிலேயே தொடங்குகிறது.