மதிப்பீடு படிக்க வேண்டியது யாரு?

"வேலையை விடாமலே படிக்கலாம். ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தால் போதும். ஒரே வருஷத்தில் திட்ட மதிப்பீட்டில் முதுநிலைச் சான்றிதழ்." இந்த மாதிரி விளம்பரம் மாசத்துக்கு ரெண்டாவது வந்து விழுகிறது. தொண்டு நிறுவனத்திலோ, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பிரிவிலோ, அரசுத் திட்டத்தில் காண்ட்ராக்டிலோ குப்பை கொட்டுகிற எல்லாருக்கும் வந்திருக்கும்.

இந்தப் பக்கமே வராதவர்களுக்காக ஒரு வரி. ஒரு திட்டத்துக்குக் கொட்டின காசுக்கு, சொன்ன பலன் நிஜமாவே கிடைச்சுதா? கிடைச்சதுன்னா அது அந்தத் திட்டத்தால்தானா, இல்லை அந்த வருஷம் மழை நல்லா பேஞ்சதாலயா? இதைப் பிரிச்சுப் பார்க்கிற வேலைக்குப் பேர்தான் திட்ட மதிப்பீடு. அமெரிக்க, கனடா பல்கலைக்கழகங்களில் இதுக்குப் பெரும்பாலும் நாலைந்து பாடம் வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அடிப்படைக் கணக்கெடுப்பு, ஒப்பீட்டுக் குழு, புள்ளியியல், நேர்காணல் எடுக்கிற முறை, அறிக்கை எழுதுவது, இப்படி.

படிப்பு மோசம்னு நான் சொல்ல வரலை. தப்பான ஆளுக்கு விக்கிறாங்க. என் சண்டை அதோடதான்.

முதலில் படிப்போட அருமையைச் சொல்லிடறேன். பாதிக்கதை நம்ம ஊர்லயே நடந்தது. 1980ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் சத்துணவு. தேறினதும் நிறுத்திவிடுவார்கள். கூடவே, குழந்தைக்கு என்ன கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும்னு அம்மாக்களுக்குச் சொல்லித் தருவதற்கு ஊரிலேயே ஒரு பெண் பணியாளர். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு நல்லாவே குறைந்தது. உலகம் பூரா பேர்.

ஓடுற குதிரைதானேன்னு 1995ல் அதே அச்சில் வங்கதேசத்திலும் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். அதே எடை மெஷின், அதே சத்துணவு, அம்மாக்களுக்கு அதே ஆலோசனை. குழந்தைகள் எடையில் பெரிசா ஒண்ணும் அசையவில்லை. ஏன்? 2005ல் வெளியான உலக வங்கி மதிப்பீட்டில் ஹோவர்ட் வைட் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். அங்கே பல கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பமென்றால் அடுப்படி மாமியார் கையில். திட்டமோ மருமகளை மட்டும் உட்கார வைத்துப் பாடம் நடத்தியது. அவளுக்கு எல்லாம் புரிந்தது, ஆனா அவ கையில் ஒண்ணுமில்லை. (நம்மூர் மாமியார்களும் லேசுப்பட்டவங்க இல்லை, அது வேற பதிவு :)) பின்னாடி 2012ல் நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் எழுதின புத்தகத்தில், ஒரு ஊரில் பலித்தது இன்னொரு ஊரில் ஏன் பலிக்காமல் போகுது என்பதற்கு இந்தக் கதையைத்தான் எடுத்து அலசினார்கள்.

"இந்த வீட்டில் யார் அரிசி வாங்கறாங்க, யார் பரிமாறறாங்க?" என்று முதல் மாசமே ஒருத்தர் கேட்டிருந்தா எவ்வளவு காசும் காலமும் மிச்சமாகியிருக்கும்! அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குகிற படிப்பு நல்ல படிப்புதான், சந்தேகமே இல்லை.

ஆனா கேட்டுச் சொன்னா மட்டும் போதுமா? காதில் வாங்க ஆள் வேணாமா?

அமெரிக்காவில் 'டேர்' என்று ஒன்று. 1983ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது. போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் வேண்டாமென்று பாடம் எடுப்பார்கள். இதனால் பெரிசா பலனில்லை என்று 1990களில் ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. அப்புறமும் பள்ளிக்கூடங்களில் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெற்றவர்களுக்குப் பிடித்திருந்தது, போலீசுக்கும் பிடித்திருந்தது. அப்புறம் எவன் நிறுத்துவான்? அந்த ஊரில் மதிப்பீடு படித்தவர்களுக்கா பஞ்சம்?

டெல்லியையும் பார்த்துடலாம். இந்தியாவுக்கு இந்த வேலை ஒண்ணும் புதுசு இல்லை. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கின 1952லேயே, அதை எடை போடத் தனியா ஒரு அமைப்பை வைத்த நாடு இது. 2014ல் சுதந்திரமான மதிப்பீட்டு அலுவலகம் என்று பெரிய பேரோடு ஒன்றைத் திறந்தார்கள். திட்டக் கமிஷனையே கலைத்துவிட்டு வேறு அமைப்பு வைக்கலாம் என்று அது அறிக்கை கொடுத்தது. அதே வருஷம் அதன் தலைவர் அஜய் சிப்பரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2015ல் அந்த அலுவலகத்தையும் பழைய அமைப்பையும் சேர்த்து நிதி ஆயோக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாச்சு. திட்டக் கமிஷனும் போச்சு, அதைப் போகச் சொன்னவரும் போயாச்சு.

இதெல்லாம் பெரிய இடம். நம்ம மாதிரி சின்ன ஆபீஸ்களில் என்ன நடக்கும்? நான் முன்னே வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கூட இருந்த பொண்ணு சொந்தக் காசைக் கட்டி இந்த மாதிரி சான்றிதழ் வாங்கினாள். ரெண்டு வயசுக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வகுப்பில் உட்காருவாள். படித்ததை வைத்து எங்க தையல் பயிற்சித் திட்டத்தை அலசினாள். பயிற்சி முடித்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் மெஷினையே தொடவில்லை. துணி வெட்டத் தெரியும், ஆர்டர் பிடிக்க ஆளில்லை. இதை அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

சாரிடமிருந்து அறிக்கை திரும்பி வந்தது. "பலன் குறைவு" என்ற இடத்தில் "மேம்படுத்த வாய்ப்பு உள்ளது". மெஷினைத் தொடாதவர்கள் பற்றின பாராவையே காணோம். அதுக்குப் பதிலா சிரிச்ச முகமா ரெண்டு பெண்கள் ஃபோட்டோ. "ஏக்கா, இதுக்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டுப் படிச்சேன்?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

அந்த சார் கெட்டவர் இல்லைங்க. பலன் குறைவுன்னு எழுதினா அடுத்த வருஷம் நிதி வராதுன்னு பயம். கெட்ட சேதியைக் காசு கொடுக்கிறவரிடம் எப்படிச் சொல்றது, அதை வைத்தே அடுத்த திட்டத்தை எப்படித் திருத்தறதுன்னு அவருக்கு யாருமே சொல்லித் தரலை. காசு கொடுத்த கம்பெனியின் அதிகாரிக்கும் இந்தப் படிப்பு கிடையாது. அவர் கேட்கிறதெல்லாம் எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணிக்கை ஒண்ணுதான். ஆக, மேலே ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ணை, கீழே இருக்கிற ஒருத்தி மட்டும் சொந்தக் காசில் கத்துக்கிட்டு வந்து நிக்கிறாள். வங்கதேசத்து மருமகள் மாதிரியே!

"மேலே இருக்கிறவங்களுக்கு ஏதுங்க நேரம்?" என்பீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அவளுக்கு மட்டும் நேரம் இருந்ததா? முழுப் பாடமும் வேண்டாம். புள்ளியியலை விட்டுடட்டும். மதிப்பீட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறது எப்படி, வந்த அறிக்கையைப் படிக்கிறது எப்படி, பிடிக்காத முடிவை என்ன பண்றது, இந்த மூணுக்கு மட்டும் நாலு சனிக்கிழமை வந்து உட்காரட்டுமே.

காசுதான் தடைன்னும் இப்போ சொல்ல முடியாது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் முன்னே நின்று எம்ஐடி 2017ல் ஆரம்பித்த இணையப் படிப்பில், அவரவர் வருமானத்துக்குத் தகுந்த கட்டணம்தான் வைத்தார்கள். (2019ல் அவங்களுக்கும் மைக்கேல் கிரெமருக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது தெரிந்திருக்கும்.) தரம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. சேருகிற ஆள்தான் எப்பவும் அதே கடைசி வரிசை ஆள்.

சான்றிதழ் கொடுக்கிற கல்வி நிறுவனங்களும் கை கழுவ முடியாது. வேலை பார்க்கிறவர்களுக்கான படிப்பு என்கிறீர்கள். அவர்களுடைய சொந்த ஆபீஸ் திட்டத்தையே புராஜெக்ட்டாகச் செய்யச் சொல்லலாமே? தன் சம்பளத்துக்குக் காசு கொடுக்கிற திட்டத்தைப் பார்த்து "பலனில்லை" என்று எழுதுவது, புத்தகத்தில் இருக்கிற வெளியூர்த் திட்டத்தை அலசி மார்க் வாங்குவதைவிட நூறு மடங்கு கஷ்டம். அதுக்குப் பயிற்சி கொடுங்க.

வேலை பார்க்கிற இடத்தில் ஒப்புதல் வாங்கி வரச் சொல்கிறீர்கள் இல்லையா? அந்தக் கடிதத்தில் மேலதிகாரியிடம் இன்னும் ரெண்டு வரி சேர்த்து எழுதி வாங்குங்க. "இவர் எழுதுகிற புராஜெக்ட் அறிக்கையில் நான் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். கடைசி நாள் இவர் பேசும்போது வந்து உட்கார்ந்து கேட்பேன்." கையெழுத்துப் போட மறுக்கிறாரா? அந்தப் பொண்ணிடம் ஃபீஸ் வாங்காமல் திருப்பி அனுப்பிடுங்க.