நம் ஓலை நம் கையில்!

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அவை, ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் கலக்கி, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து வாரியத்தாரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. குடவோலையைப் பெருமையோடு பேசும் நாம், அக்கல்வெட்டு கூறும் பிறிதொன்றைப் பேசாது விடுகின்றோம். ஓலையில் பெயர் ஏறுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும்; தன் மனையில் வீடு வேண்டும்; ஆரிய மறைப் பயிற்சியும் வேண்டும். முறை எளிது, வாயிலோ குறுகியது. ஏர் பிடித்தவனின் பெயர் அவ்வோலைகளில் இல்லை.

அவ்வாயில் இன்று வேறு வடிவில் நிற்கின்றது. உழவர் குழுவின் கணக்கையோ ஊரவையின் வரைவையோ ஒருவர் அடுத்த தெருவிலுள்ளவர்க்குச் செல்பேசியில் விடுக்கின்றார். அவ்வோலை, கடல்கடந்த வணிகர் ஒருவரின் கிடங்கில் தங்கியே அடுத்த தெருவை அடைகின்றது. இதற்கு மாற்றாகக் கூறப்பெறுவதே ‘வி.பி.என்.’ எனப்படும் மெய்நிகர் தனிப்பிணையம்.

அஃது இருவகைப்படும். வாடகைக்குக் கொள்வது ஒன்று. அதில் நம் போக்குவரவு முழுதும் மற்றொரு வணிகர் கைவழியே செல்லும். அத்தகையோர் தம் வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் 5 ஆண்டுகள் பதிந்து வைத்தல் வேண்டும் என நடுவணரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 28-4-2022இல் ஆணையிட்டது. அயல்நாட்டு நிறுவனங்கள் சில தம் வழங்கிகளை இந்நாட்டினின்று அகற்றிக்கொண்டன. மற்றொன்று, நம் கருவிகள் தமக்குள் நேர்க்கு நேராய் மறைமொழியில் பேசும் பிணையம். நமக்கு வேண்டுவது இவ்விரண்டாவதே.

இதற்குரிய மென்பொருள் இல்லாமலில்லை. ‘வயர்கார்டு’ என்பது ஏறத்தாழ 4,000 வரிகளில் அமைந்தது. 2020 மார்ச்சில் இலினக்சின் கருவிலேயே சேர்க்கப்பெற்றது. எவரும் விலையின்றிப் பெறலாம். எனினும் பொதுமக்கள் கைக்கு வாராமை ஏன்?

முதல் தடை, திறவிகள். 10 கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 45 இணைப்புகள். ஒவ்வொன்றிலும் மற்ற 9இன் திறவிகளையும் கையால் பதிதல் வேண்டும். இரண்டாவது, முகவரிப் பஞ்சம். பழைய இணைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. அவற்றின் உலகப் பொதுவிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. ஆதலின் செல்பேசி நிறுவனங்கள் ஓரெண்ணின் பின்னே பலரை அமர்த்துகின்றன. உள்ளிருப்பவர் வெளியே பேசலாம். வெளியிலிருந்து அவரைத் தேடி வருதல் அரிது. இருபாலும் ஒரே வேளையில் கதவைத் தட்டச் செய்ய அறிமுக வழங்கி ஒன்று வேண்டும். ‘டெயில்சுகேல்’ போன்றவை இவ்விரு தடைகளையும் எளிதாக்கியுள்ளன. ஆயினும் அறிமுகம் அந்நிறுவனத்தார் கையிலேயே உள்ளது. அதனை நாமே நடத்த ‘எட்சுகேல்’ எனும் கட்டற்ற மென்பொருள் உண்டு. அதை நிறுவவோ ஆங்கிலமும் கட்டளை வரிகளும் அறிந்திருத்தல் வேண்டும். அன்று ஆரிய மறை. இன்று ஆங்கிலக் கட்டளை!

சிற்றூர்க்குத் தனிப்பிணையம் ஆகாது என்பார்க்குத் தேனி விடை கூறும். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிற்றூர்க் கண்பார்வை நடுவங்கள் ஐந்தோடு பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் 2006 அளவில் கம்பியில்லாத் தடத்தால் இணைத்தனர். நோயாளி தம் ஊரிலிருந்தே மருத்துவரைத் திரையிற் கண்டு பேசினார். தடத்தின் நுட்பம் ஏதும் அவர் அறிய வேண்டியிருக்கவில்லை. எளிமை என்பது இதுவே. ஆயினும் மின்னழுத்தக் கோளாறுகளையும், பழுது பார்க்க உள்ளூரிற் பயிற்சி பெற்றவர் வேண்டியதன் இன்றியமையாமையையும் அம்முயற்சி உணர்த்திற்று.

ஆகவே தமிழ்க் கணிப்பொறியாளரை மூன்று கேட்கின்றோம். கடையிற் பணஞ்செலுத்தப் படம்பிடிக்கும் கட்டக்குறி போன்ற ஒன்றால் புதியவர் பிணையத்துட் சேர வழி செய்யுங்கள். கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதலாகாது என்றது கல்வெட்டு. அதுபோல், தொலைந்த செல்பேசியின் திறவியை ஒரே தொடுகையில் நீக்க வழி வையுங்கள். திரையிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் நல்ல தமிழிற் தாருங்கள். பொதுத்திறவி, கமுக்கத்திறவி என்றால் உழவனுக்கும் விளங்கும்.

அன்பர்களே! தமிழ் பாட்டுக்கும் மேடைக்கும் மட்டும் உரியதெனில் அது வாழுமொழி ஆகாது. உங்கள் ஊரில் கணினி கற்ற இளைஞர் ஒருவரையேனும் இப்பணிக்கு ஆற்றுப்படுத்துங்கள். பிறன் கிடங்கிற் கிடக்கும் ஓலைக்கு நாம் உரியவர் அல்லேம். நம் ஓலை நம் கையில் இருத்தல் வேண்டும். அதன் பூட்டும் நம் மொழியில் திறத்தல் வேண்டும்!